பார்ப்பது கடையில், வாங்குவது கைப்பேசியிலா?

தீபாவளி நெருங்கினாலே நம் இளைஞர்கள் கூடும் இடத்தில் எல்லாம் ஒரு பேச்சு வரும். "கடைக்குப் போய் வாங்குறதா, ஷோப்பியில தட்டி விடுறதா?" எது மலிவு என்று கேட்டால் கைப்பேசியே பதில் சொல்லிவிடும். நான் கேட்க நினைப்பது வேறு. கடைக்குப் போய் ஜிப்பாவைப் போட்டுப் பார்த்து, அளவைத் தெரிந்துகொண்டு, வெளியே வந்து இயங்கலையில் வாங்குகிறோமே, அது தர்மமா?

"இதுல என்ன தப்பு? கடைக் கதவு எல்லாருக்கும் திறந்துதானே இருக்கு. பார்க்கிறதுக்குக் காசா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பார்த்தவர் எல்லாரும் வாங்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பார்ப்பது வேறு, வேலை வாங்குவது வேறு. கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு துணிக்கடை அக்கா பத்துச் சேலையைப் பிரித்துக் காட்டி, "இந்தக் கலர் உங்க அம்மாவுக்கு எடுக்கும்மா" என்று சொல்லி, மறுபடி மடித்து வைக்க அரை மணி நேரம் ஆகிறது. கடை வாடகை, விளக்கு, அந்த அக்காவின் சம்பளம் எல்லாம் அந்தச் சேலையின் விலைக்குள்தான் இருக்கின்றன. கடையில்லாமல் விற்பவருக்கு அந்தச் செலவு இல்லை. அவர் குறைத்துக் கொடுக்க அதுவும் ஒரு காரணம்.

2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இயங்கலை வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத பொருள்களுக்கும் நம் நாட்டில் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. உள்ளூர்க் கடைக்கும் இயங்கலைக்கும் இடையே வரியைச் சட்டம் சமப்படுத்தலாம். அந்த அக்காவின் அரை மணி நேரத்தை எந்தச் சட்டமும் சமப்படுத்த முடியாது. அது நம் மனசாட்சியின் கணக்கு.

பதஞ்சலி முனிவர் யோகத்தின் முதல் படியாக ஐந்து யமங்களைச் சொல்கிறார். அவற்றில் சத்தியமும் உண்டு, அஸ்தேயமும் உண்டு. அஸ்தேயம் என்றால் திருடாமை. "நான் எதையும் எடுத்துட்டு வரலையே" என்று சொல்லலாம். ஆனால் இங்கே முதலில் உடைவது அஸ்தேயம் இல்லை, சத்தியம். வாங்கும் எண்ணத்தோடு போய், விலை ஒத்து வராமல் திரும்பினால் அதில் குற்றமே இல்லை. வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டு, வாங்குபவர்போல் நின்று "இன்னொரு சைஸ் இருக்கா அக்கா?" என்று கேட்பது நடிப்பு. அந்த நடிப்பால்தான் அவருடைய உழைப்பு நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பொய் முன்னால் போகிறது, திருட்டு பின்னால் வருகிறது.

"படிக்கிற பிள்ளைக்கு நாற்பது ரிங்கிட் பெரிய காசு" என்பதும் உண்மை. அப்பா அம்மா காசை மிச்சப்படுத்துவதும் தர்மம்தான். அப்படியென்றால் நேராக இயங்கலையிலேயே வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பழைய ஜிப்பாவை அளந்து பாருங்கள், வாங்கியவர்களின் கருத்தைப் படியுங்கள். இல்லையா, கடையிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள்: "அண்ணே, ஆன்லைன்ல இந்த விலை போட்டிருக்கு. நீங்க எவ்வளவுக்குக் கொடுக்க முடியும்?" அவர் குறைக்கலாம், முடியாது என்றும் சொல்லலாம். எதுவானாலும் இருவரும் உண்மை பேசியிருக்கிறோம்.

"நம்மவர் கடை, அதனால் வாங்கியே ஆக வேண்டும்" என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலிருந்தே டிக்டாக் நேரலையில் சேலையும் முறுக்கும் விற்கும் அக்காமாரும் நம்மவர்தான். கடைக்காரருக்கும் கடமை உண்டு. விலைச்சீட்டு வைப்பது நம் நாட்டுச் சட்டம். முகத்தைப் பார்த்து விலை சொல்பவரிடம் விசுவாசம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வள்ளுவர் வணிகத்தைப் பற்றி நடுவு நிலைமை அதிகாரத்தில்தான் பேசுகிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேண வேண்டும் என்பது அவர் வணிகருக்குச் சொன்னது. அதை வாங்குபவர் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்: பிறர் நேரத்தையும் நம் நேரம்போல் மதிக்கிறோமா?

இது கடைக்கு மட்டும் உள்ள பாடம் இல்லை. மனம் மாறினால் திருப்பி அனுப்பலாம் என்று இயங்கலையில் ஒரு வசதி சில பொருள்களுக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு திருவிழாவுக்குப் போட்டுவிட்டு, மறுநாள் "சைஸ் சரியில்லை" என்று பார்சல் கட்டினால் அதுவும் அதே பொய்தான். எதிரே ஆள் நிற்கவில்லை என்பதால் பொய் சின்னதாகிவிடாது.

குத்துவிளக்கு வாங்குகிறீர்களா? கையில் தூக்கிப் பார்த்தால்தான் கனம் தெரியும், படத்தில் தெரியாது. அதற்குக் கடைதான் சரி. கைப்பேசி உறைக்கு இயங்கலை போதும். எங்கே வாங்கினாலும் தர்மம் கெட்டுப் போகாது. கடை வாசலில் கால் வைக்கும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: விலையும் அளவும் ஒத்து வந்தால் இங்கேயே வாங்குவேனா? "ஆமாம்" என்றால் தாராளமாகப் பத்துச் சேலையைப் பிரிக்கச் சொல்லலாம். "இல்லை" என்றால் அந்த அக்காவைச் சிரமப்படுத்த வேண்டாம்.