நல்லெண்ணம் மட்டும் போதுமா?

‘நல்ல எண்ணத்தோடுதானே செய்தேன்!’ என்ற சமாதானத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். மனிதர்களுக்குள் நடக்கும் விவகாரங்களில் இது ஓரளவு செல்லுபடியாகிறது. தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்பதற்கு எதிரே ஒரு மனிதன் இருக்கிறான். ஆனால் ஓர் ஏரியின் கரையில் போய் நின்று இப்படிச் சொல்ல முடியுமா? ஏரி கோபிப்பதுமில்லை, மன்னிப்பதுமில்லை. தன் பாட்டுக்குச் செத்துப்போகிறது.

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் நன்கொடைப் புத்தகத்துடன் வந்தார். எங்கள் பகுதி ஏரியைச் சீர்திருத்தப் போகிறார்களாம். கரை முழுவதும் கல் பாவி, அடியை ஒரே சமமாக ஆழப்படுத்தி, நடைபாதை போட்டு, கொசு ஒழிவதற்காகக் கம்பூசியா மீனை விடுவது என்று திட்டம். நண்பர் தங்கமான மனிதர். ஊர்ப் பணத்தில் ஒரு காசு தொடமாட்டார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்டவனைத் தடுக்க நாலு பேர் வருவார்கள். நல்லவரை யார் தடுப்பது?

“அந்த ஏரியில் இப்போது என்னென்ன வசிக்கின்றன?” என்று கேட்டேன்.

“என்ன பெரிதாக வசிக்கப் போகிறது? தண்ணீரும் பாசியும்தான்” என்றார்.

கம்பூசியா நம் நாட்டுக்கு வந்தது 1928இல். மலேரியாக் கொசுவின் புழுக்களைத் தின்னட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். அது புழுவோடு நிற்கவில்லை. நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும், தவளையின் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்றது. கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சுகளும் சிறு மீன்களும் நம் குளங்களில் ஏற்கெனவே இருந்தன. அவற்றை யாரும் விசாரிக்கவில்லை. ஏழைகளுக்கு மலிவான உணவு கிடைக்கட்டும் என்று 1952இல் திலேப்பியாவை, அதாவது நம் சந்தையில் விற்கும் ஜிலேபி மீனை, வரவழைத்தார்கள். அது பெருகிப் பரவி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகாயத்தாமரை வந்ததோ அதன் பூவின் அழகுக்காக! மூன்றுக்கும் பின்னால் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

அப்படியானால் படித்த விஞ்ஞானிகள் மட்டும்தான் நீர்நிலையைக் காக்க முடியுமா? வேடந்தாங்கல் மக்கள் அப்படி நினைக்கவில்லை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருந்தார்கள். அதனால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று கும்பினிக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். 2022இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அன்று அவர்களிடம் இருந்தது வெறும் ஜீவகாருண்யம் அல்ல. பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு.

அந்தப் பார்வையை யாரும் பழகலாம். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு மறைகிறதோ, அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. வானத்து நட்சத்திரங்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர் அவர்! இன்றும் ஏரிகளில் அந்தத் தட்டைத்தான் இறக்குகிறார்கள். ஒரு சிறு வலையால் கரையோரச் சேற்றை அள்ளிப் பார்த்தால் இன்னும் தெரியும். சில பூச்சிகளின் குஞ்சுகள் நல்ல நீரில் மட்டுமே வாழும். சாக்கடை கலந்தால் அவை மறைந்து, சிவப்புப் புழுக்கள் பெருகும். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இதை எண்ணி நோட்டில் எழுதலாம்.

நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏரி செத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் புழுவை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களே!” என்றார்.

நியாயமான கேள்விதான். நன்னீரில் வாழும் மீன், நண்டு, இறால், தட்டான் வகைகளில் ஏறத்தாழ 24 சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாக 2025இல் வெளிவந்த உலக ஆய்வு சொல்கிறது. அவசரம் மெய்தான். ஆனால் இரத்தம் கொட்டும்போது கட்டுப் போடுவது வேறு, மருந்து கொடுப்பது வேறு. கட்டுப் போட நாடி பார்க்க வேண்டியதில்லை. மருந்துக்கு நாடி பார்த்தே ஆகவேண்டும். ஏரியில் விழும் சாக்கடையை இன்றே நிறுத்தலாம். குப்பை கொட்டுவதை இன்றே தடுக்கலாம். புதிதாக ஒரு மீனை விடுவதற்கும், கரையை மாற்றுவதற்கும் ஒரு வருஷமாவது பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நாரை நின்று இரை தேடுவது முழங்கால் அளவுத் தண்ணீரில். மீன் முட்டையிடுவது கோரை மண்டிய சரிவில். அடியைச் சமமாக வெட்டிக் கல் பாவிவிட்டால் இரண்டும் போய்விடும். நடைபாதையில் உலாவ நாம் மட்டும் மிஞ்சுவோம்.

நண்பர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். புறப்படும்போது, சாக்கடை விஷயமாக யாரிடம் மனுக் கொடுப்பது என்று விசாரித்தார். மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அறிவு இல்லாத அன்பும் அன்புதானே என்று சிலர் கேட்கலாம். ஒருவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளாமலே அவருக்கு உபகாரம் செய்கிறவன், உண்மையில் தன் ஆசையைத்தான் திருப்தி செய்துகொள்கிறான். வாய் பேசாத ஜீவன்களிடம் கேட்பதற்கு ஒரே வழி, அருகில் உட்கார்ந்து நீண்ட நாள் பார்ப்பதுதான். அந்தச் சிரமத்தை ஏற்காத நல்லெண்ணத்தை நம்பி ஓர் ஏரியை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.