வெட்டத் துணி!

கருகிவிட்டதா? கருகட்டும்! கத்தரியை எடு!

நேற்று மாலை வரை மொட்டும் மொக்குமாய் நிமிர்ந்து நின்ற கிளெமாட்டிஸ் கொடி இன்று காலையில் தலை தொங்கிக் கிடக்கிறது. இலை துவண்டு, காம்பு கறுத்து, நாளையோ மறுநாளோ விரிய வேண்டிய பூவெல்லாம் வாய் திறக்காமலே வாடிவிட்டன. லண்டன் ஈஸ்ட் ஹாமில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்கும், டொரொன்டோ ஸ்கார்பரோவில் வேலியோரம் கொடி ஏற்றியவருக்கும் இது புதிய காட்சியல்ல. பார்த்ததும் வாயில் வரும் பேச்சும் புதிதல்ல: "எனக்குக் கைராசி இல்லை."

அந்தப் பேச்சை இந்த நிமிடத்தோடு விடு! குளிர் தொடங்குமுன் கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வருகிறாய். ஜன்னலோரம் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து வைக்கிறாய். பனிக்காலம் முழுக்கக் காப்பாற்றி, வெயில் வந்ததும் வெளியே எடுத்து வைக்கிறாய். அது எந்த ராசியில் நடக்கிறது? வெப்ப நாட்டுச் செடியைப் பனி நாட்டில் பிழைக்க வைத்த கை உன் கை. அந்த ஊர்க் குளிரிலேயே நிம்மதியாகத் தூங்கி எழும் ஒரு கொடி அந்தக் கையை மிரட்டுவதா?

முதலில் எதிரியைத் தெரிந்துகொள். கிளெமாட்டிஸுக்கென்றே ஒரு வாடல் நோய் இருக்கிறது. காரணம் ஒரு பூஞ்சை. அது தண்டில் புகுந்தால், அதற்கு மேலுள்ள பகுதிக்குத் தண்ணீர் ஏறுவது நின்றுபோகும். பெரிய பூப் பூக்கும் கலப்பினங்களைத்தான் அதிகம் தாக்கும். தண்டு சாகும், வேர் பெரும்பாலும் தப்பிவிடும். இந்த ஒரு செய்தி தெரியாததால் எத்தனை பேர் உயிருள்ள வேரைத் தோண்டிக் குப்பையில் எறிந்திருக்கிறார்கள்!

நீ எறியாதே. வெட்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் கறை தெரியாத பச்சைத் தண்டு வரும்வரை கீழே போ. மண் மட்டம் வரை போக வேண்டியிருந்தால் மண் மட்டம் வரை போ! வெட்டியதை எருக்குழியில் போடாதே. உதிர்ந்த இலையையும் பொறுக்கி அப்புறப்படுத்து. கத்தரியைக் கிருமிநாசினியால் துடை. பிறகு வழக்கம்போல் தண்ணீர் ஊற்று. சில வாரங்களில், சில சமயம் அடுத்த வசந்தத்தில், மண்ணைக் கீறிக்கொண்டு புதுத் துளிர் வரும். (அவசரப்பட்டும் வெட்டிவிடாதே. வெறும் தாகத்தாலும் கொடி துவளும். தண்டில் கறுப்பு இல்லையென்றால் முதலில் ஒரு வாளி தண்ணீர். அடித்தண்டை நத்தை சுரண்டியிருக்கிறதா என்றும் குனிந்து பார்.)

வரும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறேன்? ஆழம் தரும் தைரியத்தில்!

தொட்டியில் மண் இருந்த மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. கீழே போகும்படி இந்தப் பெரும்பூக் கொடிகளை நட வேண்டும். அடித்தண்டின் ஒரு பகுதியும் அதிலுள்ள மொட்டுகளும் மண்ணுக்குள் போய்விடும். மேலே நோய் வரட்டும், நத்தை வரட்டும், பக்கத்து வீட்டுப் பூனை புரண்டு முறிக்கட்டும்; கீழே இருக்கும் மொட்டுகளை அவை தொட முடியாது. தன்னம்பிக்கையை மேடையில் மார்தட்டும் விஷயமாகப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விழுந்தால் எழ என்ன சேமித்து வைத்திருக்கிறாய் என்று கேள். பதில் இருந்தால் உனக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது. ஆழமாக நட்டவனுக்குக் கத்தரி கண்டு கை நடுங்காது. மேலோட்டமாக நட்டவன்தான் ஒவ்வொரு இலைக்கும் அழுகிறான்.

நோயில்லாத கொடிக்கும் வெட்டு உண்டு. அங்கேதான் உன் துணிவுக்கு முதல் பரீட்சை. நட்ட கொடி முதல் வசந்தத்தில் ஒற்றைத் தண்டாய் மேலே ஓடப் பார்க்கும். விட்டால் உச்சியில் நாலு பூ, கீழே மொட்டைக் குச்சி. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், திடமான ஒரு மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே நறுக்கிவிடு! மனசு ஒப்பாது. ஒப்பாவிட்டாலும் நறுக்கு. அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும்.

அதற்குப் பிறகு இனம் பார்த்து வெட்டு. 'மொன்டானா', 'அல்பைனா' போன்றவை போன ஆண்டின் தண்டில் வசந்தத்தில் பூப்பவை. அவற்றைப் பூ முடிந்த பிறகு மட்டும் தொடு. 'நெல்லி மோசர்' போல மே, ஜூனில் பெரிதாய்ப் பூத்து, கோடைக் கடைசியில் இன்னொரு முறை பூப்பவற்றுக்குக் குளிர்காலக் கடைசியில் காய்ந்ததையும் மெலிந்ததையும் மட்டும் நீக்கினால் போதும். 'ஜாக்மானி', 'விட்டிசெல்லா' வகைகள் புதுத் தண்டில்தான் பூக்கும். அவற்றுக்கு இரக்கம் காட்டினால் நஷ்டம் அவற்றுக்கே. இங்கிலாந்தில் பிப்ரவரி, மார்ச்சில், டொரொன்டோவில் மொட்டு வீங்கத் தொடங்கும் ஏப்ரல் வாக்கில், மொத்தக் கொடியையும் முழங்கால் உயரத்துக்குக் கீழே கொண்டுவா! கையுறை போட்டுக்கொள், இதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

பற்றிக்கொள்ள ஒன்றைக் கொடுத்தாயா என்று அடுத்துக் கேட்கிறேன். சார்லஸ் டார்வின் இந்தக் கொடிகளை உட்கார்ந்து கவனித்தவர். நெடுநாள் நோயாளி. கென்ட் மாவட்டத்தில் டவுன் ஹவுஸ் வீட்டில் இருந்தபடியே ஏறுகொடிகளை ஆராய்ந்து 1865-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1875-ல் அது புத்தகமானது. கிளெமாட்டிஸ் இலைக்காம்பால் ஏறுகிறது. எடையே இல்லாதது போன்ற நூல் வளையத்தைத் தொங்கவிட்டாலும் அந்தக் காம்பு உணர்ந்து வளைவதை அவர் கண்டார். படுக்கையும் நாற்காலியுமாய் இருந்த மனிதர் உலகுக்குத் தந்த அறிவு இது. உனக்கு நேரமில்லை, உடம்பு சரியில்லை, இடமில்லை என்கிறாயா?

காம்பு குட்டையானது, ஆகவே தடித்த கம்பத்தையோ மழைநீர்க் குழாயையோ அதனால் சுற்றி வளைக்க முடியாது. விரலைவிட மெல்லிய கம்பி, வலை, மூங்கில் குச்சி கொடு. சுவரை விட்டுச் சற்றுத் தள்ளிக் கட்டு, காற்றோடட்டும். பெரிய தூணைக் காட்டிவிட்டு "ஏறு, ஏறு" என்றால் எந்தக் கொடி ஏறும்?

இனி, பொறுமை. இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இந்தக் கொடியைப் பற்றிச் சொல்வதுண்டு: முதல் ஆண்டு உறங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு பாயும். ஜாக்மானியின் கதையே அப்படித்தான். சர்ரே மாவட்டம் வோக்கிங்கில் ஜாக்மன் குடும்பத்தின் நாற்றுப்பண்ணையில் 1858-ல் கலப்புச் செய்தார்கள். ஒரு பக்கம் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து கொண்டுவந்த 'லானுஜினோசா', மறுபக்கம் தென் ஐரோப்பாவின் 'விட்டிசெல்லா' வழி வந்தவை. பூத்தது 1862-ல். பார்த்தவர் மயங்கும் ஊதாப் பூ! அடுத்து வாடல் நோய் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெரும்பூக் கிளெமாட்டிஸ் மீதிருந்த மோகமே தளர்ந்தது. ஜாக்மானி தளரவில்லை. இன்றும் கடைக்குப் போனால் கிடைக்கிறது.

இன்னொரு மனிதரைச் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்டெஃபான் ஃபிரான்சாக், போலந்தின் இயேசு சபைத் துறவி. இரண்டாம் உலகப்போரில் இடிபாடாய்ப் போன வார்ஸா நகரில், மடத்துத் தோட்டத்தில், பல பத்தாண்டுகள் கிளெமாட்டிஸ் இனங்களைக் கலந்து கலந்து புதிய வகைகளை உருவாக்கினார். ஒன்றுக்கு 'வார்ஸாவ்ஸ்கா நிக்கே' என்று பெயர். அந்த நகரின் வீரர்களுக்காக எழுப்பிய வெற்றித் தேவதைச் சிலையின் பெயர் அது. இன்னொன்று 'போலிஷ் ஸ்பிரிட்', விட்டிசெல்லா வகை, கருஊதா, கோடை நடுவிலிருந்து இலையுதிர்காலம் வரை பூத்துத் தள்ளும், வாடல் நோய்க்கு எளிதில் மசியாது. ஃபிரான்சாக் 2009-ல் மறைந்தார். அவர் கையில் பிறந்த கொடி கடல் கடந்து வேற்று நாட்டு வேலிகளில் ஏறி நிற்கிறது.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து இதைப் படிப்பவருக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்: அந்த வெயிலில் இந்தக் கலப்பினங்களோடு மல்லுக்கட்டாதே, முல்லை இருக்கிறது. நீலகிரிக்குப் போனால் சோலையோரம் காட்டுக் கிளெமாட்டிஸ் கொடிகளைத் தேடிப் பார். வெளிறிய சின்னப் பூ, ஆனால் சொந்தக்காரி!

குளிர் ஊரில் இருப்பவனே, உனக்குச் சாக்கு இல்லை. இந்தச் சனிக்கிழமை நாற்றுக் கடைக்குப் போ. முதல் கொடி என்றால் 'போலிஷ் ஸ்பிரிட்' கேள். பூவைப் பார்த்து வாங்காதே; அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டு கிளம்பியிருக்கிறதா, தொட்டியின் அடித்துளையில் வேர் தெரிகிறதா என்று பார். தலைக்கு வெயில், காலுக்கு ஈர நிழல் கிடைக்கும் இடம் தேர்ந்தெடு. வேரின் மேல் இலைமட்கு பரப்பு, தண்டை மட்டும் ஒட்டவிடாதே. வசந்தத்திலிருந்து தக்காளிக்கு இடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரம்; பூ விரிந்ததும் நிறுத்து. குழி 45 செ.மீ. ஆழம், 45 செ.மீ. அகலம். சுவரை ஒட்டியா தோண்டுகிறாய்? அங்கே மழையே விழாது, தள்ளித் தோண்டு. மண்வெட்டி எங்கே?