வழித்துணை

2016ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதியன்று, லண்டன் மாநகரத்தையும் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன், ஈஸ்ட்போர்ன் முதலிய ஊர்களையும் இணைத்து, நாள்தோறும் ஏறத்தாழ மூன்று லட்சம் ஜனங்களை ஏற்றி இறக்கும் ‘சதர்ன்’ என்ற ரயில் கம்பெனியின் தடங்களில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. டிரைவர்கள் வேலைக்கு வரவில்லை; கார்டுகளோ ஏப்ரல் மாதம் முதற்கொண்டே விட்டுவிட்டு வேலைநிறுத்தம் செய்துவந்தார்கள். இத்தனை பெரிய கலக்கத்துக்குக் காரணம் யாதென்று விசாரித்தால் கிடைக்கும் விடை, கேட்டவுடன் அற்பமாகத்தான் தோன்றும். ரயில் பெட்டியின் கதவை மூடும் பொத்தானை அழுத்துவது கார்டா, டிரைவரா என்பதே தகராறு. ஆயினும் அந்தப் பொத்தானுக்குப் பின்னே, மனிதனுக்கு மனிதன் ஆற்றவேண்டிய கடமை என்ன என்ற பழைய கேள்வி மறைந்து நிற்கிறது என்பது என் எண்ணம்.

கார்டு என்பவரின் வரலாறே, கையிலிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோன வரலாறு. ஆதியில் வண்டியை நிறுத்தும் பிரேக்கில் ஒரு பங்கு அவர் கையில் இருந்தது. 1889ஆம் ஆண்டு ஜூன் மாதம், அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளை உல்லாசப் பயணமாக ஏற்றிச்சென்ற ரயில், மேட்டில் ஏறமாட்டாமல் நின்றபோது, அதை இரண்டாகப் பிரித்துப் பின்பகுதியை நிறுத்திவைத்தார்கள். கடைசிப் பெட்டியின் கைப்பிரேக் அத்தனை பாரத்தைத் தாங்கமாட்டாமல் போக, அந்தப் பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியோடு மோதி, எண்பது பேரளவில் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் அநேகர். அவ்வாண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்ட், பிரயாணிகள் வண்டி முழுவதையும் ஒருசேரப் பிடிக்கும் தானியங்கிப் பிரேக்கைச் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. பிரேக் கார்டின் கையை விட்டுப் போயிற்று. கொடியும் விசிலும் கதவும் மிஞ்சின. அவையும் 1980களில், பெட்ஃபோர்டிலிருந்து லண்டனுக்கு வரும் தடத்தில் தொடங்கி, சிறுகச் சிறுக டிரைவரிடம் போய்ச் சேர்ந்தன. யந்திரம் செய்யக்கூடியதை மனிதனே செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது தர்மமாகாது. ஆர்மாவுக்குப் பிறகு கைப்பிரேக்குக்காக யாரும் கண்ணீர் விட்டிருக்கமாட்டார்கள்.

2016இல் சதர்ன் கம்பெனி கார்டுகளை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ‘வண்டி மேற்பார்வையாளர்’ என்று புதுப்பெயர் சூட்டி, கதவைப் பற்றிய கவலையின்றிப் பெட்டிக்குப் பெட்டி நடந்து பிரயாணிகளுக்கு உதவச் சொல்லிற்று. சம்பளத்தில் குறைவில்லை என்றும் உறுதி கூறிற்று. பின் ஆட்சேபம் எதற்கு? அந்த ஏற்பாட்டின் உள்ளே, ஏதேனும் காரணத்தால் மேற்பார்வையாளர் வராவிட்டாலும் வண்டி புறப்படலாம் என்ற ஒரு ஷரத்து இருந்தது. பழைய முறையில் கார்டு இல்லாமல் வண்டி நகராது. புதிய முறையில் அவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இன்றியமையாதவராக இருந்த ஒருவரை, ஊதியத்தில் ஒரு காசும் குறைக்காமல், ‘இருந்தால் நல்லது’ என்ற நிலைக்கு மாற்றிவிடும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தகராறு முழுவதும் அடங்கியிருந்தது.

தொழிற்சங்கத்தார் இதைப் பாதுகாப்புப் பிரச்னையாகவே ஜனங்கள் முன் வைத்தார்கள். இங்கே எனக்கு அவர்களோடு முழு உடன்பாடு இல்லை. 2017 ஜனவரியில் ரயில்வேக்களைக் கண்காணிக்கும் அரசு நிறுவனம் விசாரித்து, தக்க கருவிகளும் முறையான நடைமுறைகளும் பயிற்சி பெற்ற பணியாளரும் இருப்பின், டிரைவர் ஒருவரே நடத்தும் வண்டி பத்திரமானதுதான் என்று அறிக்கை கொடுத்தது. பிரிட்டனில் மூன்றில் ஒரு பங்கு வண்டிகள் முன்பே அவ்விதம் ஓடிக்கொண்டிருந்தன. இதற்கு நேர்மாறாக, கார்டு இருந்தும் விபரீதம் நேர்ந்ததுண்டு. 2011 அக்டோபரில், லிவர்பூல் நகரத்தின் ஜேம்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நின்ற வண்டியின்மீது சாய்ந்திருக்கையிலேயே கார்டு புறப்பாட்டுக்குச் சைகை கொடுத்துவிட, அவள் பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் இடையில் விழுந்து உயிரிழந்தாள். மறு ஆண்டு நீதிமன்றம் அந்தக் கார்டுக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. விபத்துகளை எண்ணித் தராசில் இட்டு, கார்டின் மதிப்பை நிறுவப் புகுந்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்படிப்பட்ட வாதத்தின்மேல் தம் ஜீவனத்தையும் தம் கொள்கையையும் ஒருங்கே ஏற்றிவைத்தது சங்கத்தாரின் பிழை.

ஆனால் அதே லிவர்பூல் வழக்கு வேறொன்றையும் காட்டுகிறது. அந்தத் துயரத்துக்கு, இன்னார் பொறுப்பு என்று சுட்டிச் சொல்ல ஒரு மனிதர் இருந்தார். பன்னிரண்டு பெட்டிகள் வரை நீளும் வண்டியின் முகப்பில் அமர்ந்து, கதவோரங்களைச் சிறு திரைகளில் சில விநாடிகளுக்குள் பார்த்து முடிக்கவேண்டிய டிரைவர், அத்திரைகளில் காண்பது மனிதரையா? தடை இருக்கிறதா, இல்லையா என்பதையே அவர் பார்க்கவேண்டியிருக்கிறது. கதவிடுக்கில் நிற்பவர் ஒரு தடை, விலகிவிட்டால் அவரைப் பற்றிய விசாரம் தீர்ந்தது. இது டிரைவரின் குற்றமன்று. திரையின் இயல்பே அதுதான். சிமோன் வெய்ல் என்ற பிரெஞ்சு ஞானி, தத்துவம் கற்பித்த ஆசிரியை வேலையிலிருந்து விடுப்பு எடுத்து, 1934இல் பாரிஸிலுள்ள அல்ஸ்தோம் என்ற மின்யந்திரத் தொழிற்சாலையில் கூலியாளாகச் சேர்ந்து உழைத்துப் பார்த்தவர். பிறர் துன்பத்தின்பால் முழு மனத்தோடு செலுத்தும் கவனம் பிரார்த்தனைக்கு ஒப்பானது என்று கருதியவர். அவர் 1943இல் உயிர்நீத்தது, இந்தத் தகராறு நடந்த தடங்களில் ஒன்றின் முடிவிலுள்ள ஆஷ்ஃபோர்டு என்னும் ஊரில். கண்காணிப்பு வேறு, கவனம் வேறு என்று அவரிடம் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது.

உடன்வரும் துணை என்றதும் பழங்கதைகள் நினைவுக்கு வருகின்றன. வேலூருக்கு அருகேயுள்ள விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியிருக்கும் ஈசுவரனுக்கு மார்க்கபந்து என்றும் வழித்துணைநாதர் என்றும் திருநாமம். காட்டுவழியில் தனியே செல்ல அஞ்சிய வணிகன் ஒருவனுக்கு, இறைவன் வேடன் உருவெடுத்து உடன்வந்தான் என்பது தலபுராணம். யூதர்களின் தோபித்து ஆகமத்திலும், தூரதேசம் செல்லும் வாலிபனோடு ரபேல் என்ற தேவதூதன் மனித வடிவில் நடந்துபோகிறான். இவ்விரு கதைகளிலும் என்னைப் பெரிதும் கவர்வது ஒன்று. பக்தனின் வழியைச் சுருக்கவோ, காட்டையே அழித்துவிடவோ கடவுளால் ஆகாதா? அப்படி எதுவும் செய்யாமல், கூட ஒருவராக வந்தார் என்றே நம் முன்னோரும் அவர்கள் முன்னோரும் சொல்லிவைத்தார்கள். துணை என்பது ஆபத்தை நீக்கும் உபாயம் மட்டுமே என்றால் அந்தக் கதைகளுக்குத் தேவையே இல்லை.

துணையைப் பற்றிய இப்பேச்சு வெறும் பாவனை என்று தள்ளிவிடுவோர், சக்கர நாற்காலியில் பிரயாணம் செய்பவரை நினைத்துப் பார்க்கவேண்டும். பிரிட்டனில் பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் இடையே உயரத்திலும் அகலத்திலும் வித்தியாசம் உள்ள ஸ்டேஷன்கள் ஏராளம். சாய்பலகை போட ஓர் ஆள் வேண்டும். ஸ்டேஷனில் ஊழியர் இல்லாத சிற்றூரில், வண்டியிலும் இரண்டாவது ஆள் இல்லையென்றால், அவருக்கு அந்த வண்டி வந்தும் வராததற்குச் சமானம். சதர்ன் வண்டிகளை நடத்திய நிர்வாகம் தன் பணியாளருக்குக் கொடுத்த கையேட்டில், வண்டி தாமதப்படும் என்று தோன்றினால் அத்தகையவரை ஏற்ற முயலவேண்டாம் என்ற கட்டளை இருந்தது 2018இல் வெளிப்பட்டபோது, அங்குள்ள ஊனமுற்றோர் கொதித்தெழுந்தார்கள். விபத்துக் கணக்கு எதிலும் இவர்கள் வரமாட்டார்கள். ஏறவே முடியாதவர் வண்டியிலிருந்து விழுவதெங்கே?

இனி, வேலைநிறுத்தத்தின் தர்மத்தைக் கேட்போம். ஒருவரும் துணையின்றித் தவிக்கலாகாது என்று சொல்பவர்கள், அதை நிலைநாட்டும்பொருட்டு மூன்று லட்சம் பேரைக் குளிரில் பிளாட்பாரத்தில் தவிக்கவிடலாமா? 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்திய காந்தியடிகள், பலாத்காரம் கூடாது, வேலைக்குப் போகிறவரைத் துன்புறுத்தலாகாது, பிச்சையை நம்பலாகாது, எத்தனை நாளானாலும் வேறு நேர்மையான உழைப்பால் வயிறு கழுவிக்கொண்டு உறுதியாக நிற்கவேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார். தொழிலாளர் மனம் தளர்ந்தபோது தாமே உபவாசம் இருந்தார். ஆனால் அவ்வுபவாசம் தம் நண்பர்களான ஆலை முதலாளிகளை நிர்ப்பந்தப்படுத்துவதாயிற்றே என்ற குறையையும் ஒளிக்காமல் எழுதினார். தாம் நஷ்டப்படுவதால் பிறர் மனசாட்சியைத் தொடுவது ஒன்று. பிறரை நஷ்டப்படுத்தி இணங்கவைப்பது மற்றொன்று. எல்லா வேலைநிறுத்தத்திலும் இவ்விரண்டும் கலந்தே இருக்கும். எது மிகுதி என்பதைக்கொண்டே அதன் தராதரத்தை நிர்ணயிக்கவேண்டும்.

இந்த அளவுகோலை சதர்ன் தகராறில் வைத்துப் பார்க்கையில் ஒரு விசித்திரம் தென்படுகிறது. சாதாரணமாக வேலை நின்றால் கூலி இழக்கும் தொழிலாளியோடு லாபம் இழக்கும் முதலாளியும் நஷ்டப்படுவான். அந்தச் சமமான நோவே இருவரையும் பேச உட்காரவைக்கும். இங்கேயோ, கம்பெனிக்கும் ராஜாங்கத்துக்கும் ஏற்பட்டிருந்த ஒப்பந்தத்தின்படி, டிக்கெட் வருமானம் ராஜாங்கத்தையே சேர்ந்தது. வண்டிகளை நடத்திக்கொடுப்பதற்குக் கம்பெனிக்குத் தனியே பணம் கிடைத்தது. ஆகவே வண்டி நின்றால் தொழிலாளி நொந்தான், பிரயாணி நொந்தான், கம்பெனிக்கு வலி குறைவு. உண்மையான எஜமானனாகிய ராஜாங்கமோ, இது கம்பெனிக்கும் சங்கத்துக்கும் உள்ள விவகாரம் என்று ஒதுங்கி நின்றது. 1891இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் விடுத்த போப் பதின்மூன்றாம் லியோ, வேலைநிறுத்தங்களின் தீங்கை ஒப்புக்கொண்டு, அவை மூளுமுன் அவற்றின் காரணங்களைக் களைவதே ஆட்சியின் கடமை என்று கூறினார். அந்தக் கடமையை லண்டன் ராஜாங்கம் செய்யவில்லை. தவித்த ஜனங்களின் கோபம் முதலில் சேரவேண்டிய இடம் அதுவே.

டிரைவர்களின் தகராறு 2017 நவம்பரில் தீர்ந்தது. தம் தலைவர்கள் கொண்டுவந்த உடன்படிக்கையை இரண்டுமுறை நிராகரித்த டிரைவர்கள், மூன்றாவதை ஏற்றார்கள். விசேஷ சந்தர்ப்பங்கள் தவிர வண்டியில் இரண்டாவது ஆள் உண்டு என்ற உறுதியும், ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 28.5 சம்பள உயர்வும் அந்த ஒரே காகிதத்தில் இருந்தன. உழைப்பவன் நல்ல கூலி கேட்பதில் பாவமில்லை. ஆனால் பிறர் நலத்துக்காக என்று சொல்லித் தொடுத்த போரை, சொந்த லாபமும் சேர்ந்த பத்திரத்தில் கையெழுத்திட்டு முடிக்கும்போது, அந்தப் பிறருக்குச் சந்தேகம் எழுவது இயற்கை. கார்டுகளின் சங்கமோ அந்த உடன்படிக்கையில் சேரவில்லை, தனியே போராடிற்று. 2022இல் நாடு முழுவதும் ரயில்கள் நின்றபோதும், சம்பளப் பேச்சின் நடுவே இதே ‘டிரைவர் மட்டும்’ என்ற நிபந்தனை மறுபடி தலைகாட்டிச் சமரசத்தைக் கெடுத்தது.

இவ்வளவு துன்பமும் தவிர்க்கக்கூடியதாகவே இருந்தது. ஸ்காட்லாந்தில் 2016இலேயே, டிரைவர் கதவைத் திறப்பது, கார்டு மூடுவது என்று பேசி முடித்தார்கள். லிவர்பூலிலும், புது வண்டிகளைக் கார்டு இல்லாமல் ஓட்டவிருந்த திட்டத்தைக் கைவிட்டு, கார்டுகளை வைத்துக்கொள்ள இசைந்தார்கள். அந்தச் சிறுமி மாண்ட ஸ்டேஷனைக் கடந்து செல்லும் வண்டிகளில் இன்றும் கார்டு இருக்கிறார்.