குன்றில் வழித்துணை

டிசம்பர் கடைசியில் வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் பிற்பகல் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். நெடுந்தூர ஓட்டம் என்றால் பெரும்பகுதி இருட்டில்தான். தலைவிளக்கு வெளிச்சத்தில் ஈரப்புல், கல், சேறு, முன்னால் போகிறவரின் குதிகால். அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஓடும்போது மனம் மெல்ல அடங்குகிறது. எண்ணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது மட்டும் மிஞ்சுகிறது. இந்த நிலைக்காகத்தான் போகிறேன். அது எனக்குத் தனியாக ஓடும்போது வாய்ப்பதில்லை. தனியாக இருந்தால் மனத்தில் ஒரு மூலை எப்போதும் பயந்துகொண்டே இருக்கும்.

*

1968இல் கேரிமோர் என்ற பெயரில் தொடங்கி, இன்று ஓ.எம்.எம். என்று அழைக்கப்படும் மலை மாரத்தான் இருவர் இருவராக ஓடும் போட்டி. அக்டோபர் கடைசி, இரண்டு நாள். உச்சிகளில் அதற்குள் குளிர்காலம் வந்திருக்கும். கூடாரம், உறங்குபை, அடுப்பு, உணவு எல்லாம் முதுகில். குறியிட்ட பாதை கிடையாது. வரைபடத்தில் புள்ளிகளைக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சரிவில் ஏறி எந்த ஓடையைக் கடப்பது என்பது ஓடுகிறவர்கள் பாடு. ஒருவர் மட்டும் முந்திப் போய்ப் பயனில்லை. இருவரும் வந்தால்தான் வந்ததாகக் கணக்கு.

வலுவுள்ளவர் கூடாரத்தைச் சுமப்பார். ஏற்றத்தில் இருவர் இடுப்பையும் இணைத்து ரப்பர் கயிறு கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கயிறு இழுத்துக் கொடுக்கும் பலம் கொஞ்சம்தான். ஆனால் அது விறைத்தால் பின்னவர் தளர்கிறார் என்று முன்னவருக்குத் தெரியும். தொய்ந்தால் முன்னவர் சோர்ந்துவிட்டார் என்று பின்னவருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. பின்பையின் பக்கவாட்டு அறையிலிருந்து தின்பண்டம் எடுக்க நின்றால் உடம்பு குளிர்ந்துவிடும் என்பதால், ஓடியபடியே ஒருவர் பையில் மற்றவர் கைவிட்டு எடுத்துத் தருவார். அந்தக் கை பழகுவதற்குப் பல ஓட்டங்கள் ஆகும்.

*

1964 மார்ச்சில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் நடந்த 'ஃபோர் இன்ஸ்' நெடுநடைப் போட்டியில் மூன்று இளம் சாரணர்கள் குளிரில் இறந்தார்கள். அவர்களைக் கொன்றவை மழையும் காற்றும். 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் வல்லுநராக இருந்த கிரிஃபித் பியூ அந்தச் சாவுகளை ஆராய்ந்தார். நனைந்த துணி, காற்றில், வெப்பத்தைக் காக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். வேகமாக நடக்கும்வரை தசைகள் சூடு தந்து ஈடுகட்டும். களைத்து நடை தளர்ந்ததும் அந்தச் சூடும் போய்விடும். அதன்பின் சரிவு மிக விரைவு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு இருவர் ஓட்டத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். மெதுவானவருக்காக வேகமானவர் காத்திருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். ஆனால் காற்றில் நின்று காத்திருக்கும் வேகமானவருக்குத்தான் முதலில் குளிர் ஏறுகிறது. மெதுவானவர் தன்னால் முடிந்த மட்டும் உழைத்துக்கொண்டிருக்கிறார். அவர் உடம்பு சூடாகவே இருக்கிறது. எனவே முகட்டில் யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது. இருவரும் சேர்ந்தே நகர வேண்டும், மெதுவாகவேனும்.

*

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்தின் தொடக்கம். கை தடுமாறும், பேச்சு குழறும், எரிச்சல் வரும். கூடவே தீர்மானிக்கும் திறனும் மங்கத் தொடங்குவதால், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் போகலாம். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டதாகத் தோன்றும்; உண்மையில் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

ஒரு ஜனவரிப் போட்டியில், பனியும் மழையும் கலந்து பக்கவாட்டில் அடித்த ஒரு முகட்டில், என் துணை வரைபடத்தை மடிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். என்னைவிட மூத்தவர், என்னைவிட அனுபவசாலி. அருகில் போய், "கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க" என்றேன். கையுறைக்குள் விரல் பாதி தூரம் வந்து நின்றது. "ஒண்ணுமில்லப்பா, போலாம்" என்றார். குரலில் நல்ல தெளிவு. விரல்தான் உண்மையைச் சொன்னது. அவர் பையிலிருந்து மேல்சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன், ஜிப்பைத் தாடைவரை இழுத்தேன், சாக்லேட்டைப் பிரித்து வாயில் வைத்தேன். முகட்டை விட்டு இறங்கி, காற்று படாத பக்கமாக ஒரு கற்சுவரை ஒட்டிப் பள்ளத்தாக்கை நோக்கி நடந்தோம். போட்டி அங்கே முடிந்தது. வழியெல்லாம் அவர் கோபமாக இருந்தார். பாதி இறக்கத்தில் மறுபடி நடுங்க ஆரம்பித்தார். அந்த நடுக்கத்தைக் கண்டு நான் அடைந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

உள்நோக்கிப் பார் என்று தியானம் சொல்லித் தருகிறது. நானும் அதை நம்பி உட்காருகிறவன்தான். ஆனால் உள்ளே பார்க்கும் கண்ணே குளிரில் மங்கும்போது, பக்கத்தில் வருகிறவரின் கண் ஒன்றுதான் மிச்சம்.

*

மூடுபனியில் தலைவிளக்கின் ஒளி திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் கொஞ்சம் தரை தெரியும். திசைகாட்டி திசையைச் சொல்லும். ஆனால் அந்தத் திசையில் குறிவைக்க ஒரு கல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்போது ஒருவர் முன்னே நடப்பார். பின்னால் நிற்பவர் திசைகாட்டியைப் பிடித்தபடி "இடது, இன்னும் இடது, நில்" என்று குரல் கொடுப்பார். பிறகு இவர் போய் அவரிடம் சேர்வார். குறி இல்லாத வெளியில் துணையே குறி. முன்னே போகிறவருக்கு எதுவும் தெரியாது, பின்னால் வரும் குரலைத் தவிர.

*

பாப் கிரஹாம் 1932இல் லேக் டிஸ்ட்ரிக்டின் 42 உச்சிகளை 24 மணி நேரத்துக்குள் சுற்றி வந்தார். இன்றும் அந்தச் சுற்றை முடித்ததாகப் பதிவாக வேண்டுமானால் ஒவ்வோர் உச்சியிலும் ஒரு சாட்சி கூட இருந்திருக்க வேண்டும். எவ்வளவு வலிய ஓட்டக்காரருக்கும் இதில் விலக்கில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

2008 அக்டோபரில் லேக் டிஸ்ட்ரிக்டின் பாரோடேலில் நடந்த ஓ.எம்.எம். பெருமழையால் முதல் நாளே நிறுத்தப்பட்டது. ஓடைகள் ஆறுகளாகிவிட்டன. நூற்றுக்கணக்கானவர்களைக் காணவில்லை என்று செய்திகள் பரபரத்தன. அவர்களில் பலர் மலையில் கூடாரத்திலும், பண்ணைக் கொட்டில்களிலும், ஹானிஸ்டர் பலகைக்கல் சுரங்கத்திலும் ஒதுங்கியிருந்தார்கள். யாரும் இறக்கவில்லை.

குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும் முன் துணையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். 'இறங்கலாம்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. கோபத்தைக் கீழே வந்து வைத்துக்கொள்ளலாம்.