அந்த 'வீ'யில் நான் உண்டா?

கடந்த கோடையில் ஞாயிறுதோறும், செய்யாறு பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் ஏழு குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். எல்லோருக்கும் ஐந்து வயது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகவேண்டியவர்கள். வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் கிடையாது. பஸ், பென்சில், போன் தெரியும். அவர்களுக்கு அவை தமிழ்தான்.

முதல் நாள் "வீ ஜம்ப்" என்று குதித்துக் காட்டினேன். எல்லோரும் குதித்தார்கள். ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டு, "வீன்னா என்ன மாமா?" என்றாள்.

"நாங்க."

"அப்ப நான் குதிக்க வேணாமா?"

சிரித்துக்கொண்டே, "நாமன்னும் வச்சுக்கலாம்" என்றேன். அவள் விடவில்லை.

"ரெண்டுக்கும் ஒண்ணேவா? அப்ப நான் உண்டா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

நாம், நாங்கள் என்ற பிரிவு இங்கிலீஷில் இல்லை. இத்தனை வருடம் அந்த மொழியில் சம்பாதித்தும் நான் இதை ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஒன்றுமே தெரியாத பிள்ளைகள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். ஒன்றுமே தெரியாத பிள்ளையால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

அது எனக்கும் பழைய கேள்விதான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் பொறியியல் சேர்ந்த முதல் வருடம், கணக்கு ஆசிரியர் "வீ ஆல் நோ" என்றுதான் ஆரம்பிப்பார். ப்ளஸ் டூவில் தொகையிடல் கணக்குகளை ஆசையாகப் போட்டவன் நான். 'இன்டெக்ரேஷன்' என்பது அதுதான் என்று புரியவே இரண்டு வாரம் ஆனது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மண்டு என்று முடிவுகட்டினார்கள்.

அப்போ இங்கிலீஷே வேண்டாமா? அந்த மொழியில் சோறு தின்கிறவன் அடுத்தவர் பிள்ளைக்கு அது தேவையில்லை என்பது அயோக்கியத்தனம். ஆனால் ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, அந்த மொழியை வைத்து ஒரு பிள்ளையின் அறிவை அளப்பது வேறு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம்கூட, இயன்றவரை தாய்மொழியில் பாடம் நடத்தச் சொல்கிறது. புது மொழிக்குள் வரும் குழந்தை, பேசுவதற்கு முன் மாதக்கணக்கில் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாம். ஸ்டீபன் க்ராஷன் போன்ற மொழியியலாளர்கள் அதை மௌன காலம் என்கிறார்கள். அந்த மௌனத்துக்குள் வேலை நடக்கிறது. அதைப் பார்த்து 'புரியவில்லை' என்று எழுதுகிறோமே, அதுதான் தப்பு.

அடுத்த வாரத்திலிருந்து முறையை மாற்றினேன். நான் சொல்வேன், அவர்கள் செய்து காட்டினால் போதும். சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம். அந்தப் பெண் நாலு ஞாயிறு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடப் பேசவில்லை. "க்ளோஸ் த டோர்" என்றால் முதலில் எழுந்து ஓடுகிறவள் அவள்தான்.

அந்தக் கோடைக்குச் சில மாதம் முன்பு, ஒரு நேர்முகத் தேர்வில் மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். எதிரே இருந்த பையன் எழுதிய கோட் சரியாக ஓடியது. விளக்கச் சொன்னபோது திக்கினான். அவனுக்கும் தமிழ் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை தமிழில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கம்யூனிகேஷன் போதாது என்று எழுதி அனுப்பினேன்.

அந்தக் குறிப்பை எப்படித் தொடங்கினேன் என்று இப்போது ஞாபகம் வருகிறது. "வீ ஃபீல்..."