மறைவில் அஞ்சுவோர்

வேட்டையாடுவது ஆகுமானதா என்று வினவினால், ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோர் ஆகுமானதே என விடை பகர்வர். ஆனால், ஆகுமானதொரு செயலை ஒருவன் எங்கே, எந்த நிய்யத்தோடு செய்கிறான் என்பது வேறு வினா. அதனையே இங்கு நாம் ஆராயப் புகுகிறோம்.

அமெரிக்காவில் மான் வேட்டையாடுவோருள் பலர் இந்நாளில் 'மரச் சேணம்' என்னும் கருவியைக் கையாளுகின்றனர். இடுப்பையும் தொடையையும் ஏந்தும் வலிய பட்டை அது. அதனைக் கயிற்றால் அடிமரத்தோடு பிணைத்து, காலைச் சிறு பலகையில் ஊன்றி, வேடன் தொங்கியவாறே அமர்ந்திருப்பான். மான் வரும் திசைக்கேற்ப மரத்தைச் சுற்றி நகர்ந்து மறைந்துகொள்வான். நம் நாட்டில் முன்னாளைய வேட்டைக்காரர் மரத்தில் பரண் கட்டிக் காத்திருந்ததும் இந்நோக்கத்தோடுதான்.

மறைந்திருந்து கொல்வது வஞ்சகமன்றோ எனச் சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. வாக்குறுதி இருந்த இடத்தில்தான் வஞ்சகம் உண்டு. மானுக்கு மனிதன் வாக்குறுதி எதுவும் அளிக்கவில்லை. அன்றியும், அசையாது அருகிலிருந்து குறிபார்ப்பவனின் அம்பு பெரும்பாலும் பிழைக்காது; உயிரும் விரைவில் பிரியும். அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனைக்கு இது நெருங்கியதே.

ஆகவே, மானிடமிருந்து மறைவது குற்றமன்று. வேறு யாரிடமிருந்து மறைகிறான் என்பதே கேள்வி.

திருக்குர்ஆனின் 'அல்மாயிதா' அத்தியாயம் தொடக்கத்திலேயே உடன்படிக்கைகளை நிறைவேற்றப் பணித்து, அதே வசனத்தில் இஹ்ராமுடையோருக்கு வேட்டையைத் தடுக்கிறது. அதன் 94ஆம் வசனமோ, கைக்கும் ஈட்டிக்கும் எட்டுமாறு வேட்டைப் பிராணிகள் வரும் சோதனையைக் கூறி, மறைவில் இறைவனை அஞ்சுவோர் யாரென்பது அதனால் புலப்படும் என உணர்த்துகிறது. கண்காணிப்போர் இல்லாத காட்டில், கைக்கெட்டும் தொலைவில் மான் நிற்கும்போது, ஒருவன் கையை மடக்குகிறானா என்பதே அச்சோதனை.

இது நமக்கு ஏட்டளவிலான செய்தியன்று. எமது ஆவுடையார்கோவில் வட்டத்து மீமிசல் கடற்கரையிலிருந்து வடகிழக்கே கரையோரமாகச் சென்றால் கோடியக்கரை வரும். வெளிமான்கள் வாழும் அக்காடு 1967ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று ஆடும் வேட்டைக்கும் முடிவு கட்டியது. வேட்டைக்கு முயல்வதும், அவ்விறைச்சியை வைத்திருப்பதும்கூடக் குற்றமே.

"ஷரீஅத் ஆகுமாக்கியதைச் சட்டம் தடுக்கலாமா?" என்பார் உளர். முபாஹ் என்பது கடமையன்று. அதனை விடுவதால் பாவமில்லை. பொதுநலம் கருதி நாடு இட்ட வரம்புக்கு உட்பட்டு வாழ ஒப்பியிருக்கும் நாம் அதனை மீறினால் உடன்படிக்கையை மீறியோராவோம். அமெரிக்காவில் ஓநாய்கள் பெரும்பகுதியில் அழிக்கப்பட்டமையால் மான்கள் பெருகின. அங்கு உரிமமும் பருவமும் வகுத்து வேட்டையை அனுமதிக்கின்றனர். இங்கு நிலைமை வேறு, விதியும் வேறு. விதியை மதிக்கும் அச்சமோ இரு நாட்டினர்க்கும் ஒன்றே.

இவ்வச்சம் வேடனுக்கு மட்டுமா? அபூகதாதா (ரலி) அவர்கள் இஹ்ராம் அணியாத நிலையில் காட்டுக்கழுதையொன்றை வேட்டையாடினார்கள். இஹ்ராமில் இருந்த தோழர்கள் கீழே விழுந்த சாட்டையை எடுத்துக் கொடுக்கவும் மறுத்துவிட்டனர். பின்னர் அவ்விறைச்சியைப் பற்றி நபியவர்களிடம் கேட்கப்பட்டபோது, உங்களில் எவரேனும் ஏவினரா, சுட்டிக்காட்டினரா என வினவி, இல்லையென்று அறிந்த பின்னரே உண்ண அனுமதித்தார்கள்.

இரவில் யாரோ பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுக்கும் மான் இறைச்சியைப் பிஸ்மில்லாஹ் சொல்லி அடுப்பிலேற்றும் முன், நம் இல்லங்களில் அக்கேள்வி எழவேண்டும். இது எங்கிருந்து வந்தது என்று தாய் கேட்டு, விடை தெளிவில்லையெனத் திருப்பியனுப்பினால், மறைவில் அஞ்சுவது யாதென்பதைப் பிள்ளைகள் அன்றே கற்றுக்கொள்வர். மத்ரஸாவில் நாம் பல நாள் ஓதிக் கொடுத்தும் அத்துணை ஆழமாகப் பதியாத பாடம் அது.