சுவரில் மூன்று சட்டங்கள்

பகவன் புத்தரின் திருமுகத்தை மூன்று பகுதிகளாக்கி, மூன்று சட்டங்களில் அடைத்து, இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சுவரில் மாட்டும் படங்கள் இந்நாளில் கடைகளில் மிகுதியாக விற்கப்படுகின்றன. ஒரு சட்டத்தில் செவியும் கன்னமும், நடுச் சட்டத்தில் மூடிய விழிகளும் நாசியும், மூன்றாவதில் மற்றொரு செவி. உபாசகர் இல்லங்களிலும் இவை இடம்பெற்றுவிட்டன. ஆசானின் முகத்தைக் கூறுபோடுதல் பாவம் என்பர் ஒரு சாரார். வீட்டை அழகு செய்ய வாங்கிய பொருளில் பாவமேது, புண்ணியமேது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கேட்க வேண்டிய வினாவைக் கேட்டாரில்லை என்பது எம் கருத்து.

முதற்கண், அழகு செய்தலையே குறை கூறுவோர்க்கு விடை கூறுவோம். இல்லறத்தார் நாள்தோறும் காக்க வேண்டியவை ஐந்து சீலங்களே. மாலை, சாந்து, அணிகலன் ஆகியவற்றை விலக்குதல் உபோசத நாளில் மேற்கொள்ளும் எட்டுச் சீலங்களில் அடங்கும். அதுவும் உடலைப் பற்றியதேயன்றிச் சுவரைப் பற்றியதன்று. மேலும், எளிமையை யார் யாருக்கு உபதேசிக்கின்றார் என்பதையும் நோக்க வேண்டாமா? 1930ஆம் ஆண்டின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆடவர் குடையும் செருப்பும் கொள்ளலாகாது, பெண்டிர் பூச்சூடலாகாது, இல்லத்தில் மண்பாண்டமன்றி வேறு கலம் இருக்கலாகாது. மீறியவர்தம் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தம் வீட்டினுள் எப்பொருள் இருக்கலாம் என்பதையும் பிறரே முடிவு செய்த கொடுமை அது. அம்மக்களின் பேரர் இன்று ஒரு படம் வாங்கி மாட்டினால், அவரிடம் சென்று ஆசையே துன்பத்திற்கு ஏது என்று நீதி பேசுதல் தம்மத்தை அறிந்தோர் செயலன்று. கோலார் தங்கவயலின் பழைய தட்டி வீடுகளில் ஓர் ஆணி அடித்தாலும் நிற்காது. ஆணி தாங்கும் சுவர் கிடைத்ததே ஒரு முன்னேற்றம் என்க.

இனி, திருமுகத்தைக் கூறுபோடுதல் பாவமா? சாஞ்சியிலும் அமராவதியிலும் உள்ள மிகப் பழைய சிற்பங்களில் பகவன் மனித உருவில் காட்டப்படவில்லை. வெற்று அரியணை, பாதச்சுவடு, போதிமரம், அறவாழி ஆகியவற்றால் அவரைக் குறித்தனர் அச்சிற்பிகள். அமராவதிக் கற்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அன்பர்கள் சென்று காணலாம். நம் மணிமேகலையும் மணிபல்லவத்தில் கண்டு தொழுதது பீடிகையையே. காலிங்கபோதி ஜாதகத்தில் மூவகைச் சேதியங்கள் கூறப்படுகின்றன. உடற்பகுதி சார்ந்தது ஒன்று, அவர் பயன்படுத்திய பொருள் சார்ந்தது ஒன்று, நினைவுக்குறியாக அமைவது ஒன்று. இம்மூன்றாவது வகைக்குத் தனக்கெனப் பொருள் அடிப்படை இல்லை, அது மனத்தையே சார்ந்தது என்று அங்கு விளக்கப்பெறுகிறது. படம் இவ்வகையினது. அதனை வெட்டுவதால் பகவனுக்கு ஊறில்லை.

ஒருவகையில் இம்மூன்று சட்டங்களும் நல்லதொரு பாடத்தையே புகட்டுகின்றன. முதற் சட்டத்தில் முகம் இல்லை, நடுச் சட்டத்திலும் முழுமுகம் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. இடைவெளியிலோ வெறும் சுண்ணாம்புச் சுவர். ஆயினும் வாயிற்படியில் நிற்பவர் முழுமுகத்தைக் காண்கின்றார். சக்கரம் தேரன்று, அச்சு தேரன்று, நுகம் தேரன்று என மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கியதை ஒரு சிறுவனுக்குக் கற்பிக்க இதைவிட எளிய கருவி கிடைத்தல் அரிது. விற்பவர் இதனை எண்ணிச் செய்தாரல்லர் என்பது வேறு.

அங்ஙனமாயின் குறை எங்கே? படத்தை வாங்கியபின் அதற்கு ஒரு வேலையும் கொடாமல் விடுவதில்தான். மெத்தை இருக்கைக்குமேல் சுவர் வெறுமையாக இருந்தது, நிறமும் பொருந்தியது, மாட்டினோம் என்பர். பத்தாம் நாள் முதல் அப்படம் கண்ணிற் படுவதில்லை. ஐரோப்பியத் தேவாலயங்களில் மூன்று பலகைப் படங்களை அமைத்தோர் இதனை நன்கறிந்திருந்தனர். பக்கப் பலகைகளைக் கீல் பூட்டிக் கதவுபோல் அமைத்து, பொதுநாளில் மூடியும் விழாநாளில் திறந்தும் வைத்தனர். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள போஷ் என்பாரின் புகழ்பெற்ற மூன்று பலகை ஓவியமும் மூடத்தக்கதே. மூடினால் வெளிப்புறத்தில் உலக உருண்டை ஒன்று சாம்பல் நிறத்தில் தோன்றும். நம் கூடத்துப் படமோ இரவும் பகலும் திறந்தே கிடக்கிறது.

மற்றொரு குறையும் உண்டு; அது இதனினும் கொடிது. திரிசரணம் ஏற்ற நாளில் பழைய தெய்வப் படங்களைக் கழற்றினோம். ஆணி மட்டும் சுவரில் நின்றது. அவ்வாணியிலேயே புத்தரை மாட்டி, இன்ன திசை நோக்கியிருந்தால் செல்வம் பெருகும் என்று கடைக்காரர் கூறியதையும் நம்பினால், மாறியது படம் மட்டுமே. தொந்தியுடன் சிரிக்கும் பொம்மையைப் பணப்பெட்டியருகே வைப்போர் கவனிக்க: அவர் கௌதம புத்தரல்லர், சீனத்தில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கூறப்படும் பூதாய் என்னும் துறவி.

படத்திற்கு வேலை கொடுத்தல் எங்ஙனம்? மூல சர்வாஸ்திவாதப் பிரிவினரின் விநய நூலில், அனாதபிண்டிகர் ஜேதவனத்தைச் சித்திரங்களால் அணி செய்ய விரும்பியபோது எவ்விடத்தில் எதனை எழுதுவது என வகுத்துரைக்கப்பட்டது. வாயிலில் தடியேந்திய யக்கன். முகப்பில் பிறவிச் சக்கரம். உணவுக் கூடத்தில் உணவேந்திய யக்கர். நோயாளர் அறையில், நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்யும் ததாகதர். அழகு வேண்டாம் என்று அங்குக் கூறப்படவில்லை. ஒவ்வொரு சுவரும் அதன் முன் நடக்கும் செயலோடு இணைக்கப்பட்டது.

மூன்று சட்டங்களே வேண்டுமெனின் அங்குத்தர நிகாயத்தில் மூன்று தேவதூதர் உளர்: முதியவர், நோயாளர், இறந்தவர். இம்மூவரையும் கூடத்தில் மாட்டுவார் யார்? விருந்தினர் முகஞ்சுளிப்பர் என்று அஞ்சுவோம். அமைதி தவழும் முகத்தைக் கூடத்தில் வைத்து, இருமும் தாயைப் பின்கட்டில் படுக்கவைத்த இல்லங்களை யாம் அறிவோம், படிப்போரும் அறிவர். வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவன் நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். தலைப்புறம் பகவனும் காற்புறம் ஆனந்தரும் பற்றித் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். விநயத்தில் உள்ள இச்செய்தியை மூன்று சட்டங்களில் எழுதித்தர நம்மிடையே ஓவியர் இல்லாமற் போகவில்லை: கிடக்கும் பிக்கு, கழுவும் இருவர், கட்டில்.

அதனை மாட்ட வேண்டிய இடம் பின்கட்டு அறை. அறைக்கு ஒரு சாளரமும், தாயருகே பணிவிடை செய்வோர் அமர ஒரு முக்காலியும் வேண்டும். ஆணியைச் சற்றுத் தாழ்த்தியே அடிக்க வேண்டும். கட்டிலில் படுத்திருப்பவரின் பார்வை நிற்பவர் பார்வை செல்லும் உயரத்திற்கு எட்டாது.